சூப்புக்கு ஏற்ற துணை உணவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியிருப்பதால் இரவில் இலகுவாக உண்ணுங்கள் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, என் இரவு உணவைச் சூப்பாக மாற்றிக்கொண்டேன். ஒரு கிண்ணம் பாக்கெட் சூப், வெண்ணெய் தடவிய இரண்டு பிரெட் துண்டுகள், சில உப்பு பிஸ்கட்டுகள் என்று நான்கு மாதங்கள் கழிந்தன. படுக்கப் போகும் நேரத்தில் ஒவ்வொரு நாளும் மீண்டும் பசித்தது. மறுபரிசோதனையில் அழுத்தமும் இறங்கியிருக்கவில்லை. அதன் பிறகுதான் அந்த உறைகளையெல்லாம் மேசைமேல் பரப்பி, அவற்றில் அச்சிட்டிருந்த எண்களைத் தாளில் எழுதிக் கூட்டினேன். உப்பில் உள்ள சோடியத்தில், ஒரு நாளைக்கு உரிய அளவில் ஏறத்தாழ முக்கால் பங்கு அந்த ஒரே வேளையில் உள்ளே போயிருந்தது. புரதமோ பத்து கிராமைக்கூடத் தொடவில்லை.

சூப்பில் குறையிருந்தால் அதைத் துணை உணவு நிரப்ப வேண்டும். சூப்பில் ஏற்கெனவே மிகுந்திருப்பதை அது மேலும் கூட்டக் கூடாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் தேர்வு எளிதாகிவிடும். ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவர எனக்குப் பல வாரங்கள் ஆயின. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டியதில்லை என்பதற்காகவே, நான் கற்றுக்கொண்டதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. மூன்று தாள்களை முதலில் எடுத்து வையுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே மூன்று ஆவணங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் சூப்பின் உறை. வீட்டில் செய்பவராக இருந்தால், எத்தனை பேருக்கு எவ்வளவு உப்பு போட்டீர்கள் என்பதைத் தேக்கரண்டிக் கணக்கில் எழுதிய குறிப்பு போதும். இரண்டாவது, இப்போது சூப்புடன் நீங்கள் உண்ணும் பிரெட், பிஸ்கட், சீஸ் போன்றவற்றின் உறைகள். மூன்றாவது, உங்கள் அண்மைய இரத்தப் பரிசோதனை அறிக்கையும் மருந்துச் சீட்டும்.

மூன்றாவது தாள் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்குப் பயறும் கொட்டைகளும் எவ்வளவு ஏற்றவை என்பதை, அறிக்கையில் உள்ள பொட்டாசியம், கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருள்) அளவுகளைப் பார்த்து மருத்துவரோ உணவியல் வல்லுநரோதான் சொல்ல வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின் எடுத்துக்கொள்பவர்கள் கீரைகளை ஒரு நாள் நிறையவும் மறுநாள் துளியும் இல்லாமலும் உண்ணக் கூடாது. கீரையில் உள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் செயலை மாற்றுவதால், அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். கோதுமையில் உள்ள குளூட்டன் ஒவ்வாதவர்கள் கீழே நான் பிரெட்டைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு, அரிசி, சோளம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் பக்கம் போகலாம். அவர்கள் சூப்பின் உறையையும் படிக்க வேண்டும். கெட்டிப்படுத்துவதற்காகக் கோதுமை மாவு சேர்க்கப்பட்ட சூப்புகள் பல உண்டு.

2. சூப்பில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள்

துணை உணவைத் தேடும் முன் கிண்ணத்தையே ஒருமுறை உற்றுப் பாருங்கள். புரதம் இருக்கிறதா, நார்ச்சத்து இருக்கிறதா, மாவுச்சத்து எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்ற ஐந்து கேள்விகளுக்கும் விடை தெரிந்தால் போதும்.

தெளிவான காய்கறி சூப்பில் நீரும் சுவையும் கொஞ்சம் காய்கறியும் மட்டுமே இருக்கின்றன. 250 மில்லிலிட்டர் கிண்ணம் ஒன்றில் புரதம் இரண்டு கிராம் அளவிலேயே இருக்கும். இதற்குத் துணையாகப் புரதமும் வேண்டும், முழுதானியமும் வேண்டும். தக்காளி சூப்பும் ஏறத்தாழ அப்படித்தான். ஆனால் கடையில் வாங்கும் தக்காளி சூப்பில் சர்க்கரையும் சேர்ந்திருப்பதுண்டு என்பதால், அதன் உறையில் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள்.

பருப்பு சூப்பும் பயறு சூப்பும் வேறு வகை. கெட்டியாகக் காய்ச்சிய ஒரு கிண்ணத்தில் ஒன்பது, பத்து கிராம் புரதமும் நல்ல அளவு நார்ச்சத்தும் இருக்கும். இதனுடன் மேலும் பயறு வேண்டியதில்லை. பச்சைக் காய்கறியும் எலுமிச்சையும் இருந்தால் உணவு நிறைவாகிவிடும். பசி அதிகமென்றால் ஒரு பிரெட் துண்டைச் சேர்த்துக்கொள்ளலாம்.

சோள சூப், உருளைக்கிழங்கு சூப், நூடுல்ஸ் போட்ட சூப் ஆகியவற்றில் மாவுச்சத்து ஏற்கெனவே நிறைந்திருக்கிறது. இவற்றுடன் பிரெட் வைப்பது மாவுடன் மாவைச் சேர்ப்பதாகும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த இடத்தில்தான் பெரும்பாலும் தவறுகிறார்கள். ‘சூப்தானே’ என்ற எண்ணத்தில், ஒரு தட்டுச் சோற்றுக்கு ஈடான மாவுச்சத்தை ஒரே வேளையில் எடுத்துக்கொண்டுவிடுகிறார்கள். கிரீம் சேர்த்த காளான் சூப், கோழி சூப் போன்றவற்றில் கொழுப்பு போதுமான அளவுக்கு மேலேயே இருப்பதால், வெண்ணெயும் சீஸும் இல்லாத துணையைத் தேடுங்கள்.

எலும்புகளை மணிக்கணக்கில் கொதிக்கவைத்து எடுக்கும் சாற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதில் புரதம் நிறைந்திருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அதிலுள்ள புரதத்தின் பெரும்பகுதி ஜெலட்டின். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில் உடலுக்கு இன்றியமையாத ஒன்றான டிரிப்டோஃபான் ஜெலட்டினில் இல்லை. ஆகவே எலும்புச் சாற்றை மட்டும் குடித்துவிட்டுப் புரதக் கணக்கு முடிந்தது என்று எண்ணாதீர்கள். கிண்ணத்தில் இறைச்சித் துண்டுகள் இருந்தால் அது வேறு கணக்கு.

3. உப்புக் கணக்கைக் கிண்ணத்துக்கும் தட்டுக்கும் சேர்த்துப் போடுங்கள்

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். பெரியவர்கள் ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் குறைவாகவே சோடியம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. இது 5 கிராம் உப்புக்குச் சமம். அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. சில நாடுகளின் உறைகளில் சோடியம் என்றும் வேறு சில நாடுகளின் உறைகளில் உப்பு என்றும் அச்சிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும். சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

உடனடியாக உண்ணக்கூடிய சூப்புகளில் ஒரு கிண்ணத்துக்கு 600 முதல் 900 மில்லிகிராம் வரை சோடியம் இருப்பது சாதாரணம். பிரெட் துண்டு ஒன்றில் 130 முதல் 200 மில்லிகிராம் வரை இருக்கும். நாக்கில் உப்புக் கரிக்காததால் பிரெட்டை நாம் சந்தேகிப்பதே இல்லை. 30 கிராம் செடார் சீஸில் 200 மில்லிகிராமை ஒட்டிய அளவும், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் 900 மில்லிகிராம் அளவும் இருக்கும். இவற்றைக் கூட்டிப் பாருங்கள். 800 மில்லிகிராம் உள்ள சூப்புடன் இரண்டு பிரெட் துண்டுகளையும் சீஸையும் சேர்த்தால், உப்பைத் தனியாகத் தொடாமலேயே 1,300 மில்லிகிராமைத் தாண்டிவிடுகிறது.

ஆகவே ஒரு வேளைக்கு 600 அல்லது 700 மில்லிகிராம் என்று உங்களுக்கான வரம்பு ஒன்றை வகுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பாக்கெட் சூப்புகள் அந்த வரம்பைத் தாமே தின்றுவிடும் என்பதால், அத்தகைய நாட்களில் துணை உணவு உப்பே இல்லாததாக இருக்க வேண்டும்: அவித்த முட்டை, உப்புப் போடாமல் வேகவைத்த பயறு, வெறும் வெள்ளரி, கேரட், வறுத்த உப்பில்லாக் கொட்டைகள். வீட்டில் காய்ச்சும்போது நால்வருக்கான சூப்பில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டால், ஒருவருக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் சோடியம்தான் வரும். அப்போது ஒரு துண்டு பிரெட்டுக்குத் தாராளமாக இடமிருக்கிறது. ஆனால் சூப் கட்டிகளைப் போட்டுக் காய்ச்சுபவர்கள் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டியின் எடையில் ஏறத்தாழப் பாதி உப்புதான்.

இங்கே மூன்று பொறிகள் உள்ளன. ஒரு பாக்கெட் ஒருவருக்கானது என்று நாம் நினைத்திருக்க, உறையின் மூலையில் ‘இரண்டு பரிமாறல்கள்’ என்று சிறிய எழுத்தில் இருக்கும்; அச்சிட்ட எண்ணை இரண்டால் பெருக்க வேண்டும். அடுத்து, ‘உப்பு குறைக்கப்பட்டது’ என்பதும் ‘குறைந்த உப்பு’ என்பதும் ஒன்றல்ல. முன்னது, அதே வகைப் பொருளோடு ஒப்பிடும்போது பொதுவாகக் குறைந்தது 25 விழுக்காடு குறைவு என்பதை மட்டுமே சொல்கிறது. மூலப் பொருளில் உப்பு மிக அதிகமாக இருந்தால், குறைத்த பின்பும் அது அதிகமாகவே இருக்கும். திட உணவுகளைப் பொறுத்தவரை, 100 கிராமுக்கு 120 மில்லிகிராம் சோடியமோ அதற்குக் குறைவோ இருந்தால் குறைவு என்றும், 600 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அதிகம் என்றும் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது பொறி, உப்புக்கு மாற்றாக விற்கப்படும் ‘குறைந்த சோடியம் உப்பு’. அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு சேர்க்கப்பட்டிருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில இரத்த அழுத்த மருந்துகளை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

4. புரதத்தைத் துணையாக வையுங்கள்

இரவில் பசித்து எழுந்த எனக்கு உண்மையில் உதவியது இந்தப் படிதான். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 கிராம் புரதமாவது தேவை. அதை மூன்று வேளைக்குப் பிரித்தால், ஒரு வேளைக்குப் பதினைந்து கிராமுக்கு மேல் வர வேண்டும். தெளிவான சூப்பும் பிரெட்டும் சேர்ந்தாலும் அதில் பாதிதான் கிடைக்கும்.

தொடங்குபவர்களுக்கு எளிதானது முட்டை. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம் இருக்கிறது. கொதிக்கும் நீரில் ஆறு ஏழு நிமிடங்கள் வெந்தால் கரு குழைவாகவும், பத்து முதல் பன்னிரண்டு நிமிடங்கள் வெந்தால் கெட்டியாகவும் இருக்கும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் முதியோரும் கெட்டியாக வெந்ததையே உண்பது பாதுகாப்பானது. தோலோடு அவித்த முட்டை குளிர்பதனப் பெட்டியில் ஒரு வாரம் இருக்கும். தோலுரித்துவிட்டால் அன்றே உண்டுவிடுங்கள்.

அடுத்தது பயறு வகைகள். வேகவைத்த 100 கிராம் கொண்டைக்கடலையில் ஏறத்தாழ ஒன்பது கிராம் புரதமும் ஏழெட்டு கிராம் நார்ச்சத்தும் இருக்கின்றன. முட்டையிலும் இறைச்சியிலும் நார்ச்சத்து அறவே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், சூப்புக்கு இதைவிடப் பொருத்தமான துணை அரிது என்பது என் கருத்து. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீரில் வேகவையுங்கள். வெந்ததில் வெங்காயமும் எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் சேர்த்துத் தட்டில் வைத்தால் போதும். பயறு உண்டு பழக்கமில்லாதவர்கள் முதல் வாரத்தில் இரண்டு மேசைக்கரண்டியுடன் தொடங்கி மெல்ல அளவைக் கூட்டுங்கள். ஒரேயடியாக ஒரு கிண்ணம் உண்டால் வயிறு உப்பும். அதோடு பயறே ஒத்துக்கொள்ளாது என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவீர்கள்.

சிவப்பு ராஜ்மா வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சரியாக வேகாத ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்ற பொருள் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, புதுநீரில் அரை மணி நேரமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும்; பிரஷர் குக்கரில் வேகவைப்பது இன்னும் நல்லது. மிதமான சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரங்களில் வேகவைக்காத ராஜ்மாவை நேரடியாகப் போடாதீர்கள். அந்தச் சூடு லெக்டினை அழிக்கப் போதாது. டின்னில் வரும் ராஜ்மா ஏற்கெனவே முழுமையாக வெந்தது என்பதால் இந்தக் கவலை இல்லை. ஆனால் அந்த நீரில் உப்பு இருக்கும். வடிகட்டிக் குழாய் நீரில் நன்றாக அலசினால் சோடியத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

முளைகட்டிய பயறைப் பச்சையாகச் சூப்பின்மேல் தூவும் வழக்கம் பெருகியிருக்கிறது. முளை வளர்வதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும்தான் சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கும் வேண்டியவை. நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் அதை வேகவைத்தே உண்ண வேண்டும். மற்றவர்களுக்கும் நான் அதையே சொல்வேன்.

தயிர், டோஃபு (சோயாப் பாலில் செய்யும் கட்டி), ஆவியில் வெந்த மீன், தோலில்லாத கோழி ஆகியவையும் ஏற்றவையே. புகையூட்டிய இறைச்சி, தொத்திறைச்சி போன்றவை புரதம் தந்தாலும் உப்பை அள்ளிக் கொட்டுவதால் இந்தத் தட்டில் அவற்றுக்கு இடமில்லை.

5. பிரெட்டை உறையின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள்

சூப் என்றதும் கை தானாகவே பிரெட்டுக்குப் போகிறது. அதில் தவறில்லை, எந்தப் பிரெட் என்பதே கேள்வி. உறையின் முன்பக்கத்தில் உள்ள ‘பிரவுன்’, ‘மல்டிகிரெயின்’, ‘கோதுமை’ என்ற சொற்களை நம்பி நான் பல மாதங்கள் மைதாவையே உண்டிருக்கிறேன்.

பின்பக்கத்தில் உள்ள பொருட்பட்டியல் எடையின் இறங்குவரிசையில் இருக்கும். முதலாவதாக வருவதுதான் அதிகம் இருப்பது. அங்கே ‘முழுக் கோதுமை மாவு’ என்றோ வேறொரு முழுதானியத்தின் பெயரோ இருக்க வேண்டும். ‘சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு’ என்பது மைதாவேதான். வெறுமனே ‘கோதுமை மாவு’ என்றிருந்தாலும் பெரும்பாலும் மைதாவையே குறிக்கும். பழுப்பு நிறம் முழுதானியத்தால் வந்ததா, நிறமூட்டியால் வந்ததா என்பதை அறிய, பட்டியலின் கடைசியில் ‘கேரமல்’ என்ற சொல்லோ அந்த நிறமூட்டியின் குறியீடான 150 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். மல்டிகிரெயின் என்பது பல தானியங்கள் என்று மட்டுமே பொருள் தரும். அவை முழுதானியங்கள் என்று எந்த உறுதியும் தருவதில்லை.

இவ்வளவையும் படிக்க நேரமில்லையென்றால் ஒரே ஒரு வகுத்தல் போதும். 100 கிராமில் உள்ள மொத்த மாவுச்சத்தை நார்ச்சத்தால் வகுத்துப் பாருங்கள். விடை பத்தோ அதற்குக் குறைவோ வந்தால் வாங்கலாம். 44 கிராம் மாவுச்சத்தும் 6.5 கிராம் நார்ச்சத்தும் உள்ள பிரெட்டில் விடை ஏழுக்கும் குறைவு. 48 கிராம் மாவுச்சத்தும் 2.5 கிராம் நார்ச்சத்தும் உள்ளதில் விடை பத்தொன்பதைத் தாண்டும். அலைபேசியில் பத்து நொடி வேலை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து தேவை என்பதால், இந்த வேறுபாடு சிறியதன்று.

வெண்ணெயைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயில் ஏறத்தாழ 100 கலோரியும் ஏழு கிராம் நிறைவுற்ற கொழுப்பும் இருக்கின்றன. பூண்டு பிரெட் பிடிக்குமென்றால், முழுக்கோதுமைத் துண்டைச் சுட்டு, சூடாக இருக்கும்போதே ஒரு பூண்டுப் பல்லால் மேலே தேய்த்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவுங்கள். மணத்தில் குறையே தெரியாது.

6. மொறுமொறுப்பைப் பொரிக்காமல் கொண்டுவாருங்கள்

குழைவான சூப்புடன் கடித்து உண்ண ஏதாவது இருந்தால்தான் மனம் நிறைகிறது. இந்தத் தேவை உண்மையானது. அதை அடக்க முயன்றால் இரண்டாம் வாரத்திலேயே பழைய பிஸ்கட்டுக்குத் திரும்பிவிடுவீர்கள். பொரித்த நூடுல்ஸ், எண்ணெயில் பொரித்த பிரெட் துண்டுகள், உப்பு கிராக்கர்கள் ஆகியவற்றுக்குப் பதிலாக, பழைய முழுக்கோதுமைப் பிரெட்டைச் சிறு சதுரங்களாக நறுக்கி, கொஞ்சம் எண்ணெய் பிசிறி, ஓவனில் 180 டிகிரி செல்சியஸில் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள் சுடுங்கள். ஓவன் இல்லாதவர்கள் கனமான வாணலியில் சிறுதீயில் புரட்டி எடுக்கலாம். வேகவைத்த கொண்டைக்கடலையை ஈரம்போகத் துடைத்து 200 டிகிரியில் அரை மணி நேரம் வறுத்தாலும் அருமையான மொறுமொறுப்பு வரும்.

பாதாம், நிலக்கடலை, பூசணி விதை ஆகியவற்றில் ஒரு சிறு கைப்பிடி, அதாவது 30 கிராமுக்கு மிகாமல் எடுத்துக்கொள்ளுங்கள். 28 கிராம் பாதாமில் ஆறு கிராம் புரதமும் 160 கலோரியை ஒட்டிய ஆற்றலும் இருக்கின்றன. பையிலிருந்து நேரடியாக உண்ணாமல் ஒரு சிறு கிண்ணத்தில் அளந்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

7. பச்சைக் காய்கறி, எலுமிச்சை, துளி எண்ணெய்

கேரட், பூசணி, தக்காளி ஆகியவற்றின் சூப்பில் உள்ள கரோட்டினாய்டுகளை (அந்தக் காய்களுக்கு நிறம் தரும் சத்துகளை) உடல் ஏற்றுக்கொள்ளச் சிறிது கொழுப்பு வேண்டும். கொழுப்பே இல்லாத சூப்பை மட்டும் குடிப்பதைவிட, கொஞ்சம் எண்ணெய் கலந்த சாலட்டையோ நான்கு பாதாமையோ உடன் உண்பது அந்தச் சத்து வீணாகாமல் காக்கும். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்துக்கு வைட்டமின் சி துணை செய்கிறது. எலுமிச்சைச் சாற்றைக் கொதிக்கும் சூப்பில் ஊற்றாமல் சாலட்டில் பிழிந்துகொள்ளுங்கள். வைட்டமின் சி சூட்டில் அழியக்கூடியது. உணவு முடிந்தவுடன் தேநீரோ காப்பியோ குடித்தால் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது குறைகிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள்.

சாலட்டில் பொறி அதன்மேல் ஊற்றும் கலவையில்தான் இருக்கிறது. மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டியில் 90 கலோரிக்கு மேல் வரும். தயிரும் எலுமிச்சையும் மிளகும் சேர்ந்தால் அதே வேலையைச் செய்துவிடும்.

8. நேரத்தைத் திட்டமிடுங்கள்

பசி வந்த பிறகு தேடினால் கைக்குக் கிடைப்பது பிஸ்கட்டாகத்தான் இருக்கும். வாரத்தில் ஒரு நாள் இரவு பயறை ஊறவைத்து, மறுநாள் காலை மொத்தமாக வேகவைத்துவிடுங்கள். மூன்று நான்கு நாட்களுக்கு வேண்டியதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மீதியை ஒரு வேளைக்கு உரிய சிறு பொட்டலங்களாக உறைநிலைப் பெட்டியில் வையுங்கள். பிரெட்டையும் வாங்கிய அன்றே துண்டு துண்டாக உறையவைத்தால், வேண்டிய துண்டை மட்டும் எடுத்து நேரடியாகச் சுட்டுக்கொள்ளலாம். வீணாவதும் குறையும், கூடுதலாக ஒரு துண்டு எடுக்கும் பழக்கமும் குறையும். இப்படி ஏற்பாடு இருந்தால், சூப் சூடாகும் நேரத்திலேயே தட்டும் தயாராகிவிடும்.

சமைத்த எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெயில் கடுமையான நாட்களில் ஒரு மணி நேரமே வரம்பு. மீந்த சூப்பைக் குளிர்ந்த நிலையில் மூன்று நான்கு நாட்கள் வைத்திருக்கலாம். மீண்டும் சூடாக்கும்போது நன்றாகக் கொதிக்க வேண்டும். ஆனால் கொதித்ததை அப்படியே குடிக்க வேண்டாம். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று, உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. கிண்ணம் ஆறும் அந்த ஐந்து நிமிடங்களில் சாலட்டை உண்ணத் தொடங்கிவிடுங்கள். முதலில் மென்று உண்ணும் பழக்கம் வந்தால் சூப்புடன் பிரெட்டை அள்ளிக்கொள்ளும் வேகமும் தணிகிறது.

9. செலவைச் சரியாக ஒப்பிடுங்கள்

கடை அலமாரியில் டின்னில் அடைத்த பயறு மலிவாகத் தெரியலாம். 400 கிராம் டின்னை வடிகட்டினால் கையில் கிடைப்பது ஏறத்தாழ 240 கிராம்தான். உலர்ந்த கொண்டைக்கடலை 100 கிராமை ஊறவைத்து வேகவைத்தால் 250 கிராம் வரும். ஆகவே ஒரு டின்னின் விலையை 100 கிராம் உலர்பயறின் விலையோடு ஒப்பிடுங்கள். எரிபொருளையும் சேர்த்தே கணக்கிட்டாலும் உலர்பயறு பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். வேலைப்பளு மிகுந்த வாரத்துக்கென இரண்டு டின்களை வைத்திருப்பதில் தவறில்லை.

விலையை எப்போதும் 100 கிராமுக்கு என்று மாற்றிப் பாருங்கள். சூப்புக்கென்றே சிறு பொட்டலங்களில் விற்கும் வறுத்த பிரெட் துண்டுகளும் விதைக் கலவைகளும் இந்தக் கணக்கில் மிகவும் விலை கூடியவை. பழைய பிரெட்டும் தனித்தனியாக வாங்கிய விதைகளும் அதே வேலையைச் செய்யும். உறைநிலைக் காய்கறிகளைத் தாழ்வாக எண்ண வேண்டாம். பறித்த சில மணி நேரத்தில் உறையவைக்கப்பட்டவை, பல நாட்கள் அலமாரியில் கிடந்த காய்களுக்குச் சத்தில் குறைந்தவை அல்ல.

10. முதல் வாரத்துக்கு ஒரு தொடக்கம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயலாதீர்கள். முதல் இரண்டு நாட்கள் நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் சூப்புடன் பிஸ்கட்டை மட்டும் நிறுத்தி, அவித்த முட்டையோ அரைக் கிண்ணம் பயறோ வையுங்கள். மூன்றாம் நாள் பிரெட்டை மாற்றுங்கள். அந்த வாரத்துக்குள் ஒரு முறையாவது சூப்பை வீட்டில் காய்ச்சி, உப்பை அளந்து போடுங்கள்.

தெளிவான காய்கறி சூப்புக்கு ஒரு முட்டை, அரைக் கிண்ணம் கொண்டைக்கடலை, ஒரு முழுக்கோதுமைத் துண்டு. தக்காளி சூப்புக்கு டோஃபுவும் வறுத்த பூசணி விதையும். பருப்பு சூப்புக்கு எலுமிச்சை பிழிந்த வெள்ளரி, தக்காளி சாலட். சோள சூப்புக்குக் கோழியோ மீனோ, உடன் பச்சைக் காய்கறி, பிரெட் வேண்டாம். கிரீம் சூப்புக்கு ஆவியில் வெந்த காய்கறியும் பயறும். இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவையுங்கள். அதே தாளில் ஒவ்வோர் இரவும் கூட்டிய சோடியம் அளவையும், படுக்கும்போது பசித்ததா இல்லையா என்பதையும் குறித்து வாருங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.